மாமனாரும் மாப்பிள்ளையும் மாட்டிய அலமாரிகள்

நாங்கள் வாங்கிய வீட்டில் சமையலறை என்று ஒன்று இருந்ததே தவிர, அதில் ஒரு சாமானை வைக்க இடம் கிடையாது. ஒரு கல் மேடை, ஒரு குழாய், சுவரில் துருப்பிடித்த ஓர் ஆணி. அவ்வளவுதான். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எதில் எதை வைத்துச் சமைத்தார்கள் என்பது அந்தச் சுவருக்குத்தான் தெரியும். குடிவந்த நாளிலிருந்து அரிசி ஓர் அட்டைப்பெட்டியில், பாத்திரங்கள் இன்னொன்றில், தட்டுகள் மேசைக்கு அடியில். ஒரு வேளைச் சமையலை முடிப்பதற்குள் குனிந்து நிமிர்ந்து இடுப்பு கழன்றுவிடும்.

தச்சர் ஒருவர் வந்து பார்த்தார். சுவரைத் தட்டினார். உச்சுக் கொட்டினார். "நாளைக்கே ஆளோட வந்துடறேம்மா" என்று போனார். அவருடைய நாளை வரவே இல்லை. பிறகு போன் அடித்தால் எடுப்பதையும் நிறுத்திவிட்டார். பொறுத்துப் பார்த்துவிட்டு, பெரிய கடை ஒன்றிலிருந்து சுவரில் மாட்டுகிற அலமாரிகள் மூன்று வாங்கிவிட்டோம். அலமாரியாக வரும் என்று பார்த்தால் பலகைகளாக வந்தன. தட்டையான மூன்று பெட்டிகள், ஒரு பை நிறைய திருகாணிகள், படம் போட்ட கையேடு ஒன்று. அவையும் கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றன. ஏற்கெனவே நடக்க இடமில்லாத வீட்டில் இன்னும் கொஞ்சம் இடம் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் அப்பா வந்து சேர்ந்தார். சித்திக்குக் கண் ஆபரேஷன். அம்மா அங்கே துணைக்குப் போய்விட்டாள். தனியாக விட்டால் வெறும் ரொட்டியைத் தின்றே நாளை ஓட்டிவிடுவார் என்று அப்பாவை எங்களிடம் அனுப்பிவைத்தாள்.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓய்வு பெறும்வரை ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். பக்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்தே எந்த வரி ஒரு மயிரிழை சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்தக் கை பேனாவைத் தவிர வேறெதையும் பிடித்தது இல்லை. எங்கள் வீட்டில் ஃபியூஸ் போட்டது அம்மா. ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றியது அம்மா. ஆணி அடித்ததும் அம்மாதான். அப்பாவின் வேலை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு "பாத்து, பாத்து" என்று சொல்வது.

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். அவர் கையில் நடுக்கம் என்பதே கிடையாது. வலியில் துள்ளுகிற ஆளுடைய கடைவாய்ப் பல்லில் கடுகளவு ஓட்டை போட்டு, அதை அடைத்து அனுப்பிவிடுவார். ஆனால் அந்தத் திறமையெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் மட்டும்தான். வீட்டில் பல்பு மாற்றச் சொன்னால், "சூடா இருக்குமோ?" என்று அண்ணாந்து பார்த்தபடியே நிற்பார். கடைசியில் நான்தான் மாற்றுவேன். விடுதியிலும் வாடகை வீட்டிலும் வளர்ந்தவர். எது கெட்டாலும் யாரோ ஒருவர் வந்து சரிசெய்துவிட்டுப் போவதைத்தான் பார்த்திருக்கிறார்.

வந்த அன்றே சமையலறையைச் சுற்றிப் பார்த்த அப்பா, சாப்பிடும்போது பேச்சை ஆரம்பித்தார்.

"ஆளுக்காக எதுக்கு மாப்பிள்ளை காத்துக்கிடக்கணும்? நாமளே மாட்டிடலாமே."

"அதான் மாமா நானும் நெனச்சேன்," என்றார் இவர். நினைக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"அப்ப சரி. நீங்க சொல்ற மாதிரி செஞ்சிடுவோம்."

"சேச்சே, நீங்க இருக்கறப்ப நான் என்ன சொல்றது? நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்."

இப்படி ஒருவரையொருவர் உயர்த்தி உயர்த்திப் பேசிவிட்டு எழுந்தார்கள். நான் துணி எடுக்கப் பின்பக்கம் போனபோது அப்பா பின்னாலேயே வந்தார்.

"ஏம்மா, எனக்கு இந்த வேலையெல்லாம் வராதுன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாத. என்ன நெனப்பாரு? அவரு தினமும் டிரில் பிடிக்கிற ஆளு. பல்லையே துளைக்கிறவருக்குச் செங்கல் எம்மாத்திரம்? அவரு செய்யட்டும். நான் கூடமாட நின்னு எடுத்துக் குடுக்கறேன்."

படுக்கப் போகும்போது இவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "உங்கப்பா இருக்காரேன்னுதான் ஒத்துக்கிட்டேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவரு, இதெல்லாம் தண்ணி பட்ட பாடா இருக்கும். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் காட்டிக்குடுத்துடாத."

இரண்டு பேருடைய மானமும் என் வாயில் வந்து மாட்டிக்கொண்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வேலை நின்றுவிடும்; எனக்கோ அலமாரி வேண்டும்.

அடுத்த நாள் சாயங்காலம் மூன்று பேருமாக ஹார்டுவேர் கடைக்குப் போனோம். துளை போடும் மெஷினை வாடகைக்குக் கேட்டோம். கல்லாவில் இருந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வியிலேயே ஆட்டம் கண்டுவிட்டது.

"சுவரு என்ன சுவரு சார்?"

அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார்.

"வெள்ளைச் சுவரு," என்றார் அப்பா.

அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "செங்கல்லா, கான்கிரீட்டான்னு கேட்டேன்" என்றாள். பழைய வீடு என்று நான் சொன்னதும், செங்கல்லாகத்தான் இருக்கும் என்று மெஷினையும் துளையிடும் கம்பிகளையும், ஓட்டைக்குள் சொருகித் திருகாணியை இறுக்குகிற பிளாஸ்டிக் பிளக்குகளையும் எடுத்துக் கொடுத்தாள். வரும் வழியெல்லாம் இரண்டு பேரும் அந்த மெஷினைக் கைக்குழந்தை மாதிரி மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை ஆரம்பமாயிற்று. அப்பா ஸ்கேலும் பென்சிலும் வைத்துச் சுவரில் புள்ளி குறித்தார். குறித்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தார். அழித்துவிட்டு மறுபடி குறித்தார். இவர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, மெஷினை இரண்டு விரலால் பேனா பிடிப்பதுபோல் பிடிக்கப் பார்த்தார். அது பல் துளைக்கிற சமாச்சாரமா என்ன? அதன் கனத்துக்குக் கை தாழ்ந்துபோயிற்று. சுவரைத் தொட்டும் தொடாமலும் "ர்ர்" என்று ஒரு தரம், நிறுத்தி மறுபடி ஒரு தரம். சுவருக்கு வலிக்குமோ என்று பயந்ததுபோல் இருந்தது.

"கொஞ்சம் அழுத்தலாமோ மாப்பிள்ளை?"

"அழுத்தலாம்னு சொல்றீங்களா மாமா?"

"உங்களுக்குத் தெரியாததா?"

அழுத்தினார். கம்பி சரக்கென்று முழுசாக உள்ளே போயிற்று. கையகலம் பூச்சு பெயர்ந்து மேடைமேல் கொட்டியது. "பழைய பூச்சு," என்றார் அப்பா, எல்லாம் தெரிந்தவர்போல. "ஆமாம் மாமா, பழசு," என்றார் இவர். இரண்டாவது புள்ளி குழாய்க்கு நேர் மேலே இருந்தது. இந்தத் தடவை இவர் கொஞ்சம் தைரியமாகவே அழுத்தினார்.

முதலில் "புஸ்" என்று ஒரு சத்தம். அடுத்த நொடி சுவரிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்து, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தில் பாய்ந்தது. அப்பா உள்ளங்கையால் ஓட்டையை அடைத்தார். அது விரலிடுக்கு வழியாக நாலு பக்கமும் தெறித்தது. இவர் தன்னுடைய கையை அப்பாவின் கைமேல் வைத்து அழுத்தினார். "வால்வு! வால்வு எங்க?" என்று இரண்டு பேரும் கத்தினார்கள். யாருக்குத் தெரியும்? வீடு வாங்கும்போது வாசல், வெளிச்சம், காற்று எல்லாம் பார்த்தோம். தண்ணீரை எங்கே நிறுத்துவது என்று கேட்கவில்லை. நான் வெளியே ஓடி, சுவரோரமாகக் குழாய் போகும் வழியைப் பிடித்துக்கொண்டே போனேன். செடி மண்டிய மூலையில், ஓர் உடைந்த ஓட்டுக்கு அடியில் கேட் வால்வு கிடைத்தது. ஈரத்துணியைப் பிழிகிற ஜோரில் திருகினேன். அசையவில்லை. கல்லை எடுத்து இரண்டு போடு போட்டதும் இளகியது.

திரும்பி வந்தபோது சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர். அட்டைப்பெட்டிகள் ஊறி வாயைப் பிளந்திருந்தன. அப்பாவின் கண்ணாடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் இன்னும் கையைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

இவர்தான் முதலில் பேசினார். "மாமா, ஒரு உண்மையச் சொல்லிடறேன். நான் இதுக்கு முன்னாடி சுவத்துல ஓட்டை போட்டதே இல்ல."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் பார்த்தார். துடைக்கக் காய்ந்த துணி அவர் உடம்பில் எங்கேயும் இல்லை.

"மாப்பிள்ளை, நான் ஆணியே அடிச்சதில்ல."

இரண்டு பேரும் சுவரிலிருந்து கையை எடுத்தார்கள். பிறகு இவர் சிரிக்க ஆரம்பித்தார். அப்பாவுக்கும் தொற்றிக்கொண்டது. தண்ணீருக்குள் நின்றபடி தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மரியாதை என்கிற கண்ணாடிக் கதவு ஒன்று இருவருக்கும் நடுவில் எப்போதும் சாத்தியே இருக்கும். அன்றைக்குத் தண்ணீரோடு அதுவும் அடித்துக்கொண்டு போயிற்று.

பிளம்பர் வந்து குழாயை அடைத்துக் கொடுத்தார். "குழாயிலேந்து பைப்பு நேரா மேலதான் சார் போகும். அந்த வழிய விட்டுட்டு மத்த எடத்துல போடுங்க," என்றார். போகும்போது எதற்கும் இருக்கட்டும் என்று, "ஆளை வெச்சே மாட்டிக்கிடுங்களேன்," என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். தச்சருக்கு இன்னொரு முறை போன் போட்டேன். என்ன அதிசயமோ, எடுத்தார். "நாளைக்கே வந்துடறேம்மா," என்றார். அதைக் கூடத்தில் வந்து சொன்னபோது மாமனாரும் மாப்பிள்ளையும் ஈரமான கையேட்டை மேசைமேல் விரித்து, பக்கம் பக்கமாகப் பிரித்து, இஸ்திரிப் பெட்டியால் காயவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்னு சொல்லிடு," என்றார் இவர்.

"ஏன்? பட்டது போதாதா?"

"தெரியாம பண்ணினதாலதானே கெட்டுச்சு? தெரிஞ்சுக்கிட்டுப் பண்ணுவோம்."

அப்பா நிமிராமலே சொன்னார்: "முதல்ல தெரியாதுன்னு ஒத்துக்கிட்டாச்சு இல்லையா. இனிமே கத்துக்கறதுதான் பாக்கி."

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் பாதி இடிந்த ஒரு பழைய மதில் நின்றது. வீட்டுச் சுவர் கட்டின அதே செங்கல், அதே பூச்சு. "இது ஏற்கெனவே குட்டிச்சுவரு. இதுக்கு மேல கெட ஒண்ணுமில்ல," என்று அப்பா அதைப் பள்ளிக்கூடமாக ஆக்கினார். இவர் கிளினிக்கிலிருந்து வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு நேரே அங்கேதான் போவார். ஓட்டை போடுவார்கள். பிளக் சொருகுவார்கள். திருகாணி முடுக்குவார்கள். அதில் ஒரு வாளியை மாட்டி, அப்பா கல் கல்லாக அதில் போட்டுக்கொண்டே வருவார். கொஞ்சம் கனம் ஏறியதும் பிளக்கோடு திருகாணி பிடுங்கிக்கொண்டு வாளி கீழே விழும். மறுபடி ஓர் ஓட்டை. மறுபடி தொப்பென்று வாளி. அந்த மதில் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து, "சார், சல்லடை செய்யறீங்களா?" என்று கேட்டார். "ஆமா சார், உங்க வீட்டுக்கும் ஒண்ணு வேணுமா?" என்றார் அப்பா. என் அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் கேலி பேசி நான் கேட்டது அன்றுதான்.

ஒருநாள் வாளி விழுந்ததும் இவர் உள்ளே போய், பல் பார்க்கிற குச்சிக் கண்ணாடியையும் சின்ன டார்ச்சையும் எடுத்துவந்தார். ஓட்டைக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து உள்ளே பார்த்தார். வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்ப்பதுபோலவே அவ்வளவு பொறுமையாகப் பார்த்தார்.

"மாமா, இங்க வந்து பாருங்க. இது சொத்தை."

"என்னது?"

"மேல ரெண்டு விரக்கடைக்கு வெறும் பூச்சு. உதிரி. அதுக்கப்புறம்தான் செங்கல்லே வருது. நம்ம பிளக்கு பூச்சோட நின்னுடுது. சொத்தையில சிமென்ட் அடைச்சா நிக்குமா? நல்ல பல்லு வரைக்கும் போகணும்."

அப்பாவும் மண்டியிட்டு அந்தச் சின்னக் கண்ணாடியில் பார்த்தார். "உள்ள ஒரே தூசியா இருக்கே."

"அதேதான்! தூசியோட அடைச்சா எங்கேந்து பிடிக்கும்?"

பல் இடுக்கில் காற்று ஊதுகிற ரப்பர்க் குமிழ் வந்தது. நீளமான பிளக்கும் நீளமான திருகாணியும் கடையிலிருந்து வந்தன. முதலில் சின்னக் கம்பியால் வழி போட்டு, பிறகு பெரிய கம்பியால் அகலப்படுத்தினார்கள். அப்படிச் செய்தால் ஓட்டை ஆடாமல் வருகிறது என்பது பல ஓட்டைகள் பாழான பிறகு கண்டுபிடித்தது. தூசியை ஊதி எடுத்து, பிளக்கைச் சொருகி, திருகாணியை முடுக்கி, வாளியை மாட்டினார்கள். அப்பா கல் போட்டார். வாளி நிறைந்தது. கீழே விழவில்லை. அப்பா வாளியைப் பிடித்துக் கீழே இழுத்தார். பிறகு தொங்கியே பார்த்துவிட்டார். அறுபதைத் தாண்டிய மனிதர், காலை மடக்கிக்கொண்டு ஒரு திருகாணியில் தொங்கினார். மதில்தான் லேசாக ஆடியது, திருகாணி ஆடவில்லை.

பலகைகளைச் சேர்த்து அலமாரியாகப் பூட்டுவது அப்பாவின் பங்கு. பகலில் நான் வேலைக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது கூடம் முழுக்கப் பலகையும் நடுவில் அப்பாவும் இருப்பார். முதல் அலமாரியில் அடிப்பலகையைத் தலைகீழாக வைத்துப் பூட்டிவிட்டார். கதவு வைக்கும்போதுதான் தெரிந்தது. ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அத்தனையும் கழற்றினார். "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பிடிபட்டுதே, அதுவே லாபம்," என்றார். மூன்றாவது அலமாரியைப் பூட்டும்போது அவர் கையேட்டைத் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு தகராறு வந்தது. ரசமட்டம் வைத்துச் சுவரில் கோடு போட்டார்கள். குமிழி நட்ட நடுவில் நின்றது. ஆனால் தள்ளி நின்று பார்த்தால் கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தது. அப்பா முகம் சுளித்தார்.

"கோணல் மாப்பிள்ளை."

"குமிழி சரியாத்தானே இருக்கு மாமா?"

"குமிழி சரி. கண்ணு ஒத்துக்கலையே."

அளந்து பார்த்தார்கள். சாய்ந்திருந்தது கோடு இல்லை, கூரை. பழைய வீடு, எந்தக் காலத்திலோ ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. கூரைக்கு ஏற்ப மாட்டினால் கண்ணுக்கு நேராகத் தெரியும், ஆனால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். ரசமட்டத்துக்கு ஏற்ப மாட்டினால் கதவு நிற்கும், ஆனால் மேலே இடைவெளி ஒரு பக்கம் ஒடுங்கி, ஒரு பக்கம் விரிந்து அசிங்கமாகத் தெரியும். "முதல் கோணல் முற்றும் கோணல்," என்று அப்பா தலையில் கை வைத்தார்.

"கோணப்பல்லையே கம்பி கட்டி நேராக்கறோம், இதுக்குப் போய் கவலைப்படறீங்களே," என்றார் இவர்.

கடைசியில் அப்பாவே வழி சொன்னார். அலமாரி ரசமட்டப்படியே நேராக இருக்கட்டும். மேலே உள்ள இடைவெளியை ஒரு பக்கம் அகலமாகவும் ஒரு பக்கம் ஒடுக்கமாகவும் அறுத்த ஒரு பட்டைப் பலகையால் மறைத்துவிடலாம். யார் அறுப்பது? "நான்தான்," என்றார். ரம்பத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிடித்தவர், முதல் பலகையில் கோட்டை விட்டுவிட்டு எங்கேயோ போனார். இரண்டாவது, முடியும் இடத்தில் பிளந்துபோயிற்று. அடுத்தது விரலளவு குட்டை. இவர், "கடையில குடுத்து அறுத்துக்கலாம் மாமா," என்றார். அப்பா கேட்கவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் எழும்பி, அதன்மேல் துணியைச் சுற்றிக்கொண்டு அறுத்தார். அவசரப்படாமல், ரம்பத்தின்மேல் பாரம் போடாமல், கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். கடைசிப் பலகையை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். விரலை ஓட்டிப் பார்த்தேன். ஒரு சிலாம்பு இல்லை.

மாட்டுகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதலில் குழாய்க்கு மேலே பைப் போகிற வழியைச் சிவப்புப் பென்சிலால் கட்டம் கட்டினார்கள்; அதற்குள் யாரும் கை வைக்கக்கூடாது. கேட் வால்வை நான் போய் முன்கூட்டியே மூடிவிட்டு வந்தேன். அலமாரியின் பாரம் கையில் நிற்காமல் இருக்க, அடிக்கோட்டில் ஒரு கட்டையைச் சுவரில் தற்காலிகமாகத் திருகினார்கள். நானும் அப்பாவும் அலமாரியைத் தூக்கி அந்தக் கட்டைமேல் உட்காரவைக்க, இவர் உள்ளே தலையை விட்டு முடுக்கினார். முதல் அலமாரி ஏறியது. இரண்டாவதும் ஏறியது. அப்பா நெற்றியில் தூசியும் வியர்வையுமாக நின்றார்.

மூன்றாவதில் நாலு திருகாணியில் மூன்று நன்றாக இறுகிவிட்டன. நாலாவது இறுகவில்லை, முடுக்க முடுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே இருட்ட ஆரம்பித்திருந்தது. எனக்கு முதுகு விட்டுப்போயிற்று.

"மூணு பிடிச்சிருக்கே, போதாதா? யாரு போய் உள்ள எட்டிப் பார்க்கப் போறா?" என்றேன்.

இவர் அலமாரிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். "ஒரு வேரு ஆடுது, மத்ததெல்லாம் சரின்னு ஒரு பேஷண்ட்டை வீட்டுக்கு அனுப்புவேனா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்தான் சொன்னார். அப்பாவைப் பார்த்தேன், அவராவது என் பக்கம் பேசமாட்டாரா என்று. அப்பா ஏற்கெனவே இன்னொரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மறுபக்கத்துத் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

அலமாரியை இறக்கினார்கள். இவர் குச்சிக் கண்ணாடியால் பார்த்தார். அந்த இடத்தில் செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவிலுள்ள சாந்தில் கம்பி இறங்கியிருந்தது. கொஞ்சம் தள்ளி, நல்ல செங்கல்லில் புது ஓட்டை போட்டார்கள். தூசி ஊதினார்கள். அலமாரியின் முதுகுப்பலகையிலும் அதற்கேற்பப் புது ஓட்டை. பழைய ஓட்டையை அப்பா சாந்து வைத்து அடைத்து, ஈரத்துணியால் மழமழவென்று துடைத்தார். அலமாரிக்குப் பின்னால் போய் மறையப்போகிற ஓட்டை அது. அதை அவ்வளவு அக்கறையாகத் துடைத்துக்கொண்டிருந்த அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். போதும், விடுங்கள் என்று சொன்னதற்காக வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் அதைவிடப் பெருமையாக இருந்தது.

மறுபடி தூக்கினோம். இந்தத் தடவை நாலாவது திருகாணி "கிறீச்" என்று இறுகி நின்றது. மேலே பட்டைப் பலகையைப் பொருத்தினார்கள். கூரையின் கோணலும் அலமாரியின் நேரும் அதற்குள் அடங்கிப்போயின. அப்பா வாசற்படிவரை பின்னால் நகர்ந்து நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பிள்ளைகள்போல அவர் முகத்தைப் பார்த்தோம்.

"பிழை இல்ல," என்றார்.

இவர் வாயெல்லாம் பல்லாக நின்றார். உடனே சாமான்களை அடுக்கப் போன என்னைத் தடுத்து, "நாளைக்கு வரைக்கும் பாரம் வேணாம். அடைச்ச பல்லுல உடனே கடிக்கக்கூடாது," என்றார். அதற்கு எந்தக் கையேட்டிலும் ஆதாரம் கிடையாது. ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.

சித்தி தேறியதும் அம்மா அப்பாவை அழைத்துப்போக வந்தாள். போனில் விவரமெல்லாம் கேட்டிருந்தாள், ஆனால் நம்பியிருக்கவில்லை. செருப்பைக் கழற்றியதும் நேரே சமையலறைக்குப் போனாள். ஒவ்வொரு கதவையும் திறந்து மூடினாள். விரல் முட்டியால் தட்டினாள். அலமாரியின் அடிவிளிம்பைப் பிடித்து, எதிரி வீட்டு அலமாரியை இழுப்பதுபோல் இழுத்தாள். அசையவில்லை. உள்ளே அரிசி, எண்ணெய், பீங்கான் தட்டுகள், அடுக்கடுக்காகப் பாத்திரங்கள் என்று எல்லாம் நிறைந்திருந்தன.

"யாரு மாட்டினது?"

"மாமாதான் அத்தை," என்றார் இவர்.

"மாப்பிள்ளைதான்," என்றார் அப்பா.

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையில் கொப்புளம் காய்ந்து தடித்திருந்தது. அதைக் கட்டைவிரலால் ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை விட்டாள்.

டீ போட்டுக் கொடுத்தேன். நாலு பேரும் சமையலறையிலேயே உட்கார்ந்தோம். இப்போது உட்கார இடம் இருந்தது. அப்பா பேச ஆரம்பித்தார். பூச்சு என்பது வேறு, சுவர் என்பது வேறு. திருகாணியைப் பிடிப்பது பூச்சு இல்லை, உள்ளே இருக்கிற செங்கல். அந்தச் செங்கல்லிலும் சாந்து ஓடுகிற இடத்தில் போட்டால் நிற்காது. தூசியை ஊதி எடுக்காவிட்டால் எவ்வளவு நல்ல பிளக்காக இருந்தாலும் வீண். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். இவர் நடுநடுவே குச்சிக் கண்ணாடியைப் பற்றி ஞாபகப்படுத்தினார்.

அம்மாவுக்குத் தெரியாததா இது என்று எனக்குள் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் அவள் அடிக்காத ஆணியா? ஆனால் அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டாள்.

"ஏங்க, நம்ம வீட்டுல மேற்குப் பக்கத்துச் சுவரு இருக்கே. அதுல நான் எத்தனை தடவை அடிச்சும் ஆணி நின்னதில்ல. பொலபொலன்னு கொட்டும். மரக்கட்டையைச் செருகிப் பார்த்தேன், அதுவும் வந்துடுச்சு. அந்த மாதிரி சுவத்துக்கு என்ன பண்றது?"

அவள் உண்மையாகவே கேட்டாள். அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "முதல்ல பூச்சு எவ்வளவு கனம்னு பார்க்கணும்," என்று ஆரம்பித்தார்.